நவரத்தினம் அண்ணையின் பன்னிரண்டரை மணி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். இந்த நினைவு மலருக்கு எழுத்துப் பிழை பார்த்துக் கொடுப்பதுதான் எனக்குத் தந்த வேலை. எல்லாரும் எழுதியதை வாசித்துத் திருத்தி முடித்த அன்று, மலர்க்குழுவில் ஒருவர், "நீரும் அவரோட வேலை செய்தனீர்தானே, அரைப் பக்கம் எழுதித் தாருமன்" என்றார். மரியாதைக்குக் கேட்டிருப்பார். நான் நவரத்தினம் அண்ணைக்கு உறவு இல்லை. அவருடைய ஊரும் இல்லை. நாலு பேருக்கு முன்னால் எழுந்து பேசத் தெரியாதவள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எழுதத் தொடங்கினால் அரைப் பக்கத்தில் அடங்கவும் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். ஹவுன்ஸ்லோவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையற்கூடத்தில் நான் ஷிப்ட் கிளார்க். யார் எந்த லைனில் நிற்பது, யாருக்கு எத்தனை மணிக்கு இடைவேளை என்று எழுதி ஒட்டுவது என் வேலை. அன்று ஆறு மணிக்கு வரவுத் தாளில் நவரத்தினம் என்ற பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று போட்டேன். எட்டு வருடத்தில் அந்தப் பெயருக்கு நேரே அப்படி எழுத யாருக்கும் தேவை வந்ததில்லை. ஏழரை மணிக்கு அவர் அறை எடுத்திருந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். வீட்டுக்காரர்தான் எடுத்தார்.

"தட்டித் தட்டிப் பாத்தம் பிள்ளை. கதவைத் தள்ளித்தான் உள்ள போனது. டொக்டர் வந்து நிக்கிறார்."

"சுகமில்லையோ?"

"நித்திரையில போயிருக்கிறார். ஹார்ட் எண்டு சொல்லுகினம்."

நான் தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். தட்டுகள் பெல்ட்டில் வரத் தொடங்கியிருந்தன. முதலாவது லைனில் நிற்கும் தவமக்கா என்னைப் பார்த்து, "எங்க எங்கட பேப்பர்க்காரர்? இண்டைக்காவது லீவு எடுத்திட்டாரோ?" என்றார். முன்பு பத்திரிகையில் இருந்தவர் என்பதால் அண்ணைக்கு லைனில் அந்தப் பெயர். நான் "ஓம்" என்றேன். பத்து மணி இடைவேளை வரைக்கும் லைனில் ஒருவருக்கும் தெரியாது. அவ்வளவு நேரமும் அவர்கள் அவரைப் பற்றிப் பகிடி சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. என்னுடைய இந்தக் குணம்தான் இந்தக் கட்டுரை முழுவதும் வரப்போகிறது, ஆகவே இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். புள்ளிவிபரவியல் படித்தேன். மூன்று வருடம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்காமல் பட்டம் வாங்கியவள். வேலை தேடி எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராததால், அம்மா தட்டுக் கழுவும் இடத்திலேயே கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மேசை கிடைத்தபோது அதை எடுத்துக்கொண்டேன். "கிராஜுவேட் வந்திட்டா, இனி எங்களுக்கு நல்ல காலம்" என்று தவமக்கா அன்றைக்குச் சொன்னார். குத்தலாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

எங்கள் சமையற்கூடத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. கிறிஸ்மஸ் நாளில் லைனில் நிற்பது தமிழர்கள். இதை நிர்வாகம் கொண்டுவரவில்லை. எண்பதுகளில் அகதியாக வந்து முதலில் சேர்ந்தவர்கள் தாங்களாகவே போய்ச் சொன்னது: 'நாங்கள் சைவம். எங்களுக்குக் கிறிஸ்மஸ் இல்லை. நாங்கள் நிக்கிறம், நீங்கள் போங்கோ.' என் அம்மாவும் அப்படிச் சொன்னவர்களில் ஒருவர். நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசை. பெயர் கிடைத்தது. அடுத்த வருடம் யாரும் எங்களிடம் கேட்கவில்லை. பட்டியல் எங்கள் பெயர்களோடு தானாக வந்தது. பதிலுக்குத் தீபாவளிக்கோ தைப்பொங்கலுக்கோ லீவு கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. இப்போது அந்தப் பட்டியலை எழுதுவது நான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மரம் வைத்துப் பாட்டுப் பாடிப் பழகிவிட்டார்கள், அன்றைக்கு வீட்டில் நிற்க விருப்பம் என்று சில தாய்மார் என்னிடம் முணுமுணுப்பார்கள். மேலே போய்ச் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன். தலையை ஆட்டிவிட்டு அவர்களுடைய பெயரை எழுதிவிடுவேன்.

நவரத்தினம் அண்ணை ஒரு கிறிஸ்மஸையும் விட்டதில்லை. வயதுக்கு நான் அவரை மாமா என்றே கூப்பிட்டிருக்க வேண்டும். லைனில் எல்லாருக்கும் அவர் அண்ணை, ஆகவே எனக்கும் அண்ணை. நான் சேர்ந்த பிறகு வந்த முதல் கிறிஸ்மஸ் அன்றுதான் அவரோடு முதலில் பேசினேன். லண்டனில் அன்றைக்குப் பஸ்ஸும் ஓடாது, ரயிலும் ஓடாது. கம்பனி வான் வண்டி விடியும் முன் வீடு வீடாக வந்து ஆட்களை ஏற்றும். வானுக்குள் தவமக்கா தொடங்கினார்.

"என்ன அண்ணை, சந்திரனுக்கு ஏதும் பஸ் ஓடுதோ இண்டைக்கு?"

"ஓடுது. மூண்டு சீற்தான். உமக்குக் காணாது" என்றார் அவர்.

வான் முழுக்கச் சிரித்தது, தவமக்காதான் கூடச் சிரித்தார். எனக்கு விளங்கவில்லை. லைனில் நிற்கும்போது அவரே சொன்னார்.

1968இல் அவர் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியர். வயது இருபத்துநாலு, எல்லாருக்கும் இளையவர். கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்தவர்கள் லீவில் போய்விட்டார்கள். 'நீ சைவம்தானே தம்பி, நீ நில்' என்று பத்திரிகையின் பெரியவர் சொல்லிவிட்டுப் போனாராம். வெளிநாட்டுச் செய்தி அடித்து விழும் டெலிபிரின்டருக்குப் பக்கத்தில் இவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் மூன்று அமெரிக்கர்கள் முதன்முதலாகப் பூமியை விட்டுப் போய்ச் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பண்டிகை நாளில், வீட்டிலிருந்து மனிதர் எவரும் போகாத அளவு தூரத்தில்.

"இறங்கினவையைத்தான் உலகத்துக்குத் தெரியும்" என்றார். "இவை சும்மா சுத்திப்போட்டு வந்தவை எண்டு ஆக்கள் மறந்திட்டினம். போனால் திரும்பி வரலாம் எண்டு காட்டினது இவைதான் பிள்ளை. அதுதான் பெரிய விசயம். போறது எல்லாருக்கும் ஏலும்."

எல்லாம் அவருக்கு மனப்பாடம். தலைவருக்குப் போன முதல் நாளே வாந்தி. ஜன்னல் கண்ணாடியில் மூடுபனி போலப் புகார் படிந்து வெளியே சரியாகத் தெரியவில்லை. தண்ணீர் விட்டுக் குழைக்கிற பொதிச் சாப்பாடு ஒருவருக்கும் தொண்டையில் இறங்கவில்லை. திரும்பி வரும் வழியில், கிறிஸ்மஸ் நாளில், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ரிப்பன் கட்டிய மூன்று பொதிகள். குழம்போடு உண்மையான வான்கோழி இறைச்சி. கூடவே சின்னச் சின்னப் பிராந்திப் போத்தல்கள்.

"குடிச்சவையோ?" என்றார் தவமக்கா.

"தலைவர் தொட விடேல்லை. பிறகு ஏதும் பிழைச்சால் பிராந்தியிலதான் பழி விழும் எண்டு அந்தாளுக்குத் தெரியும்."

"பாவியள். எங்கட சூப்பர்வைசர் மாதிரித்தான் போல."

அவர் கையில் அந்த நேரம் ஒரு தட்டு இருந்தது. வான்கோழித் துண்டு, உருளைக்கிழங்கு, சிவப்புச் சோஸ். சாப்பிடுகிறவர் மூடியைத் திறக்கும்போது இறைச்சி அவருக்கு நேரே இருக்க வேண்டும் என்று அதைத் திருப்பி வைத்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ரிப்பன் கட்டினது ஆர்? ஒரு பேப்பரிலயும் பேர் வரேல்லை. நான் எழுதின செய்தியிலயும் இல்லை. எனக்கு அப்ப கேட்கத் தோன்றேல்லை பிள்ளை. இஞ்ச வந்து நிண்ட பிறகுதான் தோன்றினது."

அடுத்த வருடம் தீபாவளி அன்று எங்கள் எல்லாருக்கும் வேலை. கன்ரீனில் அவரும் நானும் ஒரே மேசை. வேறு இடம் இல்லாததால் நான் அங்கே உட்கார்ந்தேன். அன்றைக்கு அவர் சொன்னது இரண்டு செய்திகளின் கதை.

சந்திரனுக்குப் பின்பக்கம் போனால் பூமியோடு ரேடியோத் தொடர்பு அறுந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் முக்கால் மணித்தியாலம் வரை சத்தமே இல்லை. கடைசிச் சுற்றில், அந்தப் பின்பக்கத்தில் வைத்துத்தான் வீடு திரும்புவதற்கான எஞ்சினை எரிக்க வேண்டும். எரிந்தால் வருவார்கள். எரியாவிட்டால் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள், மூச்சு விடக் காற்று இருக்கும் வரைக்கும். கொழும்பில் அப்போது கிறிஸ்மஸ் நாள், மத்தியானம் ஆகவில்லை. அச்சுக்கூடப் பொறுப்பாளர் மேலே வந்து, பக்கத்தைப் பூட்ட வேண்டும், இனிக் காத்திருக்க ஏலாது என்றாராம். ஆகவே இவர் இரண்டு செய்தி எழுதினார். திரும்புகிறார்கள் என்று ஒன்று. திரும்பவில்லை என்று ஒன்று. இரண்டையும் அச்சுக் கோக்கக் கொடுத்துவிட்டு டெலிபிரின்டருக்கு முன்னால் போய் நின்றார்.

"வந்த செய்தி பேப்பரில போச்சு" என்றார். "வராத செய்தியைத்தான் நல்லா எழுதியிருந்தன்."

"அது இப்ப இருக்கோ அண்ணை?"

"ஊரில பெட்டிக்குள்ள வைச்சிருந்தன். வீட்டில ஷெல் விழுந்ததோட பெட்டியும் போச்சு. பரமேஸ் இப்ப தங்கச்சி வீட்டிலதான் இருக்கிறா."

பரமேஸ் என்பது அவருடைய மனைவி பரமேஸ்வரி அக்கா. அவரைப் பற்றி அண்ணை என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. எட்டு வருடமாக அவர் அங்கே, இவர் இங்கே. அண்ணையின் அகதி விண்ணப்பம் முடிவில்லாமல் கிடந்ததால் அழைக்கவும் வழியில்லை, போகவும் வழியில்லை. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. ஐந்து வருடமாக அவர் மனைவியின் குரலைக் கேட்கவில்லை. கடிதம் யாராவது கொண்டுபோனால் போகும், கொண்டுவந்தால் வரும்.

"அந்த மூண்டு பேரின்ர பெண்சாதிமாரும் வீட்டில ஸ்பீக்கருக்குப் பக்கத்தில குந்தியிருந்தவையாம்" என்றார். "முக்கால் மணித்தியாலம். பெரிய துன்பம் எண்டு எழுதினன். பெரிய எழுத்தில போட்டம்." பிறகு தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

போன கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் அவர் என் கூண்டுக்கு வந்தார். கையில் நாலாக மடித்த கடிதம். பரமேஸ்வரி அக்கா எழுதியிருந்தார். கிளாலிக் கடலேரியில் படகேறி, வவுனியா வழியாக மார்கழியில் கொழும்புக்கு வருகிறார். ஒரு கிழமை மட்டும்தான் தங்கலாம். கூடப் படித்த சிநேகிதி ஒருவரின் வீட்டில் தொலைபேசி இருக்கிறது. அவர்கள் கிறிஸ்தவர்கள், புருஷனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள், மற்ற நாட்களில் வீடு பூட்டியிருக்கும். கிறிஸ்மஸ் அன்றைக்கு மட்டும் முழு நாளும் வீட்டில் இருப்பார்கள். பின்னேரம் ஆறு மணிக்கு எடுங்கோ, இருட்டி அதிக நேரம் ஆகும் முன் நான் லொட்ஜுக்குத் திரும்ப வேண்டும், வழியில் ஆமிச் செக்பொயின்ற் இருக்கிறது என்று எழுதியிருந்தது. கொழும்பில் ஆறு மணி என்றால் எங்களுக்குப் பன்னிரண்டரை.

"லீவு வேண்டாம் பிள்ளை" என்றார். "பன்னிரண்டரைக்கு எனக்கு இடைவேளை விழுகிற மாதிரிப் போட்டுவிடும். கன்ரீன் சுவரில இருக்கிற போன் காணும். கார்ட் வாங்கி வைச்சிருக்கிறன்."

அன்றைக்கு அவருக்கு லீவு தரலாம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சைவர்களுக்குக் கிறிஸ்மஸ் வேலை என்பது என் தலைக்குள் அந்த அளவுக்கு இறுகியிருந்தது. பென்சிலால் அவர் பெயருக்கு நேரே 12.30 என்று எழுதிக் காட்டினேன். ஏதோ பெரிய உதவி செய்துவிட்டதாக எனக்குள் ஒரு சந்தோஷம் வேறு.

கடிதத்தை மடிக்கும்போது அவர் ஒன்று சொன்னார். வீட்டில் தான் விமானக் கம்பனி ஒன்றில் அலுவலகத்தில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாராம். "பேப்பரில இருந்தவன் எண்டு ஊரில ஒரு மதிப்பு. பெல்ட்டில இறைச்சி வைக்கிறான் எண்டு தெரிய வேண்டாம்." எங்களில் பாதிப் பேர் வீட்டுக்கு அப்படித்தான் எழுதுகிறோம். அம்மா கிளிநொச்சியில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தான் கன்ரீன் மனேஜர் என்று எழுதுகிறார்.

கிறிஸ்மஸ் அன்று காலையில் மூடுபனிப் புகார். விமானங்கள் பிந்தின. பதினொன்றரை மணியளவில், முந்தின நாள் போக முடியாமல் நின்ற ஒரு பெரிய விமானமும் அன்றைக்கே போகிறது, அதற்கும் சாப்பாடு வேண்டும் என்று செய்தி வந்தது. சூப்பர்வைசர், ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, லைனுக்கு வந்து அந்தச் சாப்பாடு வண்டியில் ஏறும் வரை யாருக்கும் இடைவேளை இல்லை, இரண்டு மணிக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். லைனில் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. நான் கூண்டுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நவரத்தினம் அண்ணை தட்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தடவை சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

பன்னிரண்டரைக்கு ஐந்து நிமிடம் இருந்தது. அவர் கையுறைகளைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கூண்டுக்கு வந்தார். பக்கத்தில் நின்ற தவமக்கா அவருடைய இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்.

"பிள்ளை, அவவிட்ட ஒருக்காச் சொல்லிவிடும். பத்து நிமிசம் காணும். எனக்குச் சொல்ல இங்கிலிஷ் ஓடாது."

இருபத்தைந்து வருடத்துக்கு முன் இங்கிலிஷில் வந்த செய்திகளை ஒற்றை ஆளாய்த் தமிழில் எழுதிய மனிதர் அவர். அவருக்கு வாசிக்கத் தெரியும், பேசத்தான் வராது. எனக்கு இரண்டும் தெரியும் என்று நம்பி வந்தார்.

நான் போனேன். சூப்பர்வைசர் யாரோ ஒருவரோடு தொலைபேசியில் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் போய் நின்றேன். மனதுக்குள் வசனத்தை ஒழுங்காக அமைத்து வைத்திருந்தேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பி, என்ன என்று கேட்டார். இன்னும் எத்தனை தட்டு வேண்டும் என்று கேட்டேன். அவர் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அண்ணை கூண்டின் வாசலில் நின்றார்.

"ஏலாதாம் அண்ணை" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி பிள்ளை. அவ என்ன செய்யிற, அவவுக்கு மேலயும் ஆக்கள்" என்று சொல்லிவிட்டுக் கையுறைகளைப் போட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். மணி பன்னிரண்டரை ஆனது. பிறகு ஒன்று ஆனது. நான் தாளில் எழுதுவது போலக் குனிந்திருந்தேன். தாளில் எழுத எதுவும் இருக்கவில்லை.

இரண்டு மணிக்கு லைன் நின்றது. அவர் ஓடவில்லை, நடந்துதான் போனார். மூன்று தடவை லைன் கிடைக்கவில்லை. நாலாவது தடவை அந்தச் சிநேகிதி எடுத்தார். நான் கன்ரீன் வாசலில் நின்றேன். இவருடைய பக்கம் மட்டும் கேட்டது. "ஓம்... ஓம்... எப்ப வெளிக்கிட்டவ?... ஏழு மணி மட்டும் இருந்தவவோ... சாப்பிட்டவவோ?... விடிய எத்தினை மணிக்கு பஸ்?... இல்லை, இல்லை, நீங்கள் என்ன செய்யிறது... உங்கள் எல்லாருக்கும் கிறிஸ்மஸ் வாழ்த்துக்கள்." வைத்துவிட்டுக் கார்ட்டை வெளியே எடுக்க மறந்து போனார். நான்தான் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திரும்பும்போது வானுக்குள் தவமக்கா கேட்டார். "என்னவாம் அண்ணை அக்கா?"

"சுகமா இருக்கிறாவாம்."

"குரல் எப்பிடி?"

"அதே குரல்தான்."

வான் ஹவுன்ஸ்லோ தெருக்களில் ஒவ்வொருவராக இறக்கிக்கொண்டு போனது. அவர் இறங்கும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தப் பொய்யைக் காப்பாற்றச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன். காப்பாற்றவும் செய்தேன். பொய்களைக் காப்பாற்றப் பேசத் தேவையில்லை.

தை மாதம் வவுனியாவுக்குப் போகிற ஒருவரிடம் கொடுக்க அவர் மனைவிக்குக் கடிதம் எழுதினார். கன்ரீனில் என்னிடம் வாசிக்கத் தந்தார். நேரத்தைப் பிழையாகக் கணக்குப் பார்த்துவிட்டேன், ஐந்தரை மணி வித்தியாசத்தை நாலு மணி என்று எண்ணிவிட்டேன், மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். சந்திரனுக்குப் பின்னால் எஞ்சின் எரிந்த நேரத்தைக் கொழும்பிலும் லண்டனிலும் நிமிடக் கணக்கில் சொல்லக்கூடியவர்.

"ஏன் அண்ணை இப்பிடி எழுதினீங்கள்? உண்மையை எழுதலாம்தானே."

"என்னெண்டு எழுத? பெல்ட்டை விட்டு அசைய விடேல்லை எண்டோ? ஒபிசில இருக்கிறவருக்கு என்ன பெல்ட் எண்டு கேட்பா." கடிதத்தை உறைக்குள் வைத்தார். "அவவுக்கு நான் மறதிக்காரனா இருந்தாலும் பரவாயில்லை பிள்ளை. கூலிக்காரனா இருக்க வேண்டாம்."

அந்த நேரம் நான் சொல்லியிருக்கலாம். அண்ணை, நான் கேட்கவே இல்லை, கேட்டிருந்தால் விட்டிருப்பாவோ என்னவோ என்று. மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், நடுவில் ஒன்றும் இல்லை. கடிதத்தில் ஓர் இடத்தில் ஒற்று விடுபட்டிருக்கிறது என்று சொன்னேன். அவர் உறையைத் திறந்து திருத்தினார். மூன்று கிழமைக்குப் பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

மோர்டன் மண்டபத்தில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் நானும் கடைசி வரிசையில் இருந்தேன். மேடையில் பேசியவர்கள் அவரைப் பத்திரிகையாளர் என்றார்கள், விமான நிறுவனத்தில் உயர்ந்த பதவி வகித்தவர் என்றார்கள். இந்த மலரிலும் நாலு பேர் அப்படியே எழுதியிருக்கிறார்கள். நான் ஒற்றுக்களை மட்டும் திருத்தினேன். எட்டுக் கிறிஸ்மஸ் அவரைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டவர் என்று மேடையில் ஒருவரும் இல்லை. சங்கத்துக் கூட்ட அறிக்கைகளை அவரைக் கொண்டு சும்மா எழுதுவித்தவர்கள் மூன்று பேர் பேசினார்கள். கடைசியில் ஒருவர், அண்ணை வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லியிருந்ததைக் கேள்விப்பட்டு, மனிசியோடு கதைக்கக்கூட அந்த வெள்ளைக்காரி விடவில்லை, இந்த நாட்டில் எங்கள் நிலை இதுதான் என்று உணர்ச்சியோடு சொன்னார். சபை உச்சுக்கொட்டியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்தவர் நான் அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவிவிட்டார்.

அந்தப் பேச்சு எப்படியோ சமையற்கூடத்துக்கும் வந்துவிட்டது. சூப்பர்வைசர் கூண்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் கேட்டார். அன்றைக்கு அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு இருந்தது என்று ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை? பத்து நிமிடம்தானே, நான் அவருடைய இடத்தில் நின்றிருப்பேனே. அவர் கண் கலங்கியிருந்தது. அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. எங்களுக்குள்ளே ஒருவரைக் குறை சொல்லுவதை விட ஒரு வெள்ளைக்காரியைக் குறை சொல்லுவது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. எனக்குத்தான் கூட வசதி.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது என்று சொல்ல ஒரு பொருள் இருக்கிறது. அந்த நாளின் இடைவேளைத் தாள். மூன்று மாதத்தில் பழைய தாள்களைக் கிழித்துப்போட வேண்டும் என்பது விதி. அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பென்சில் எழுத்து இப்போதே மங்கத் தொடங்கிவிட்டது. அவருடைய பேச்சையும் வைத்திருக்கிறேன். போவது எல்லாருக்கும் ஏலும் என்று அவர் சொன்னது அடிக்கடி காதில் விழுகிறது. நல்ல ஞாபகங்களாக எடுத்துவைக்க வேறும் இருக்கலாம். ஆனால் அவற்றை எடுக்கப் போனால் ஒவ்வொன்றிலும் என்னுடைய "ஏலாதாம்" முன்னால் வந்து நிற்கிறது.

இனி, இவ்வளவு எழுதியும் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிடுகிறேன். வழமைபோல இந்த மலரின் ஒரு பிரதி குடும்பத்துக்குப் போகும். கொண்டுபோக ஓர் ஆள் கிடைத்துவிட்டதாகவும், அடுத்த மாதம் புறப்படுவதாகவும் மலர்க்குழு சொல்கிறது. அந்தப் பிரதியிலிருந்து என் பக்கங்களை எடுத்துவிட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். அவர் எட்டு வருடம் மறைத்து வைத்ததை நான் இங்கே போட்டு உடைத்திருக்கிறேன், அவர் இருந்தால் விரும்பமாட்டார். அது எனக்குத் தெரியும். ஆனால் பரமேஸ்வரி அக்கா ஷெல்லுக்கும் படகுக்கும் தப்பி வந்து, ஒரு தொலைபேசிக்குப் பக்கத்தில் ஏழு மணி வரை இருந்துவிட்டு எழுந்து போனவர். தன் புருஷன் நேரத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அவர் மிச்ச வருடங்களைக் கழிக்க வேண்டாம். தயவுசெய்து இந்தப் பக்கங்களைக் கிழிக்காமல் அனுப்புங்கள். அக்கா, அவர் பிழையாகக் கணக்குப் பார்க்கவில்லை. பன்னிரண்டரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கையுறையைக் கழற்றிக்கொண்டு உங்களோடு கதைக்க வந்தார். கேட்டுச் சொல்லுகிறேன் என்று போய், கேட்காமல் வந்து, ஏலாது என்று சொன்னவள் நான். என் பெயர் யசோதா.